கோர்வைக்கு ஒரு ஆள்

பழனியைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கீழ்ப்பாக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவது என்று அவனுடைய அண்ணன் கலியாணசுந்தரம் முடிவு செய்துவிட்டார். மனு தயார். பழனியின் மனைவி வடிவு கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவளோ மைப்பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "என் கட்டை வேகறதுக்கு முன்னாடி விரலை வெட்டி எடுத்து வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள்.

கலியாணசுந்தரத்தைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எட்டு வருஷமாகத் தம்பி குடும்பத்தை முகம் கோணாமல் தாங்கியவர். ஆனால் போன வாரம் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவனைப் பழனி ஒரு வார்த்தை பேசாமல் தோளைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டான். அவனுக்குக் கை ஒடிந்துபோயிற்று. எறிந்தவனே சுவரோரம் உட்கார்ந்து அழுதான். இப்படி எறியப்பட்டவர்களில் இவன் மூன்றாவது ஆள். மனிதர் என்னதான் செய்வார்?

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பின்னிக் கொடுப்பதற்குக் கோர்வை என்று பேர். எப்பேர்ப்பட்ட கைகாரனும் அதைத் தனியாகச் செய்ய முடியாது. குழித்தறியில் நெய்கிறவன் நடுவில் உட்கார, வலப்பக்கத்துக் கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள இன்னொருவன் அவன் தோளை ஒட்டி உட்கார வேண்டும். பொடியன்கள்கூடச் செய்கிற வேலைதான். சாமர்த்தியம் அதிகம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

சண்டைக் காலத்தில் ஜெர்மன் சாயம் வராமல் தறிகள் படுத்துவிட்டபோது, வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டி அரபு நாட்டுப் பாஸ்ரா வரைக்கும் போனவன் பழனி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். கரையில்லாத சாதாச் சேலை நெய்யச் சொன்னால் பழையபடி அருமையாக நெய்வான். கோர்வைக்கு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வினை. நாலு இழை, ஐந்து இழை போகும். நெற்றி வேர்க்கும். அப்புறம் அந்த ஆள் வெளியே கிடப்பான்.

தெருவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. கடல் தாண்டினவன் கை, அதனால் பட்டு அவனை ஏற்கவில்லை என்று தீர்த்துவிட்டார்கள். தறிக்குக் கற்பூரம் காட்டினார்கள். குழியை வேறு மூலைக்கு மாற்றி வெட்டினார்கள். இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதையும் கயிற்றையும் புதுசாகக் கட்டினார்கள். பட்டுக்குச் செய்த பரிகாரத்தில் பாதியை அந்த மனுஷனுக்குச் செய்திருந்தால் எப்போதோ தேறியிருப்பான்.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பங்குனி உத்திரத்தன்று தெருக்கோடி முருகன் கோயிலில் வள்ளி கல்யாணம் நடக்கும். வள்ளிக்குக் கூறைப்புடவை நெய்யும் முறை பதினோரு வீட்டுக்கு உண்டு, அந்த வருஷம் பழனியின் வீட்டுக்கு. கலியாணசுந்தரம் ஜரிகை வியாபாரம் செய்கிறவர், தறியில் உட்கார்ந்தவர் இல்லை.

"உத்திரம் வரைக்கும் பொறுக்கறேன்மா" என்றார் அவர் வடிவிடம். "வள்ளி கூறையைத் தம்பி கையால நெய்ஞ்சு எறக்கட்டும், மனுவைக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லாங்காட்டி நீ கைநாட்டு வெச்சுதான் ஆவணும். இன்னொருத்தன் உசுரு போனா யாரு பதில் சொல்றது?"

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வடிவு அன்றைக்கே மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அங்கே புதன்கிழமைகளில் ஆசீர்வாதம் ஐயர் உட்கார்ந்திருப்பார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

ஐயர் என்றால் பூணூல்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்தவர்களான வேதக்காரர்களின் கோயிலில் போதகராக இருப்பவரை அந்த நாளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆசீர்வாதம் முசரவாக்கத்து ஏர் உழுகிறவரின் மகன். போதகராகப் பட்டம் வாங்கிய கையோடு, காயம்பட்டவர்களைத் தூக்குகிற படையில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். இரண்டு வருஷம் மணலிலும் சேற்றிலும் மனுஷர்களைச் சுமந்தார். இடது காது செவிடாகி, நெஞ்சில் ஒரு மெடலோடு பம்பாய்ப் பக்கம் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், உடம்பு முழுசாக இருந்தும் மனசு நொறுங்கிப்போன சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்யச் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. சரி, தெரிந்துகொண்டு வருகிறேன் என்று ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினார். குளிரில் விரல் விறைக்க மனோதத்துவம் படித்து, எம்.ஏ. பட்டத்தோடு திரும்பினார். சென்னையில் காலேஜ் வாத்தியார் வேலை, பங்களா எல்லாம் காத்திருந்தன. எனக்குக் காஞ்சிபுரம் போதும் என்று இங்கே வந்துவிட்டார். அப்படி ஒருத்தர் நம் ஊர்ப் பக்கத்து மண்ணில் பிறந்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம்தான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவருக்கு இரண்டு நாற்காலி. தூக்கம் வராதவன், பெற்ற பிள்ளையைத் தொடாத தாய், காரணமில்லாமல் அழுகிறவன் என்று யாராவது எதிரே இருப்பார்கள். அவர் மருந்து தரமாட்டார், மந்திரிக்க மாட்டார். நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பார். முதலில் கிறுக்கு ஐயர் என்று கேலி செய்த ஊர், போகப்போக மனசு ஐயர் என்று சொல்லத் தொடங்கியிருந்தது.

வடிவு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவரை இங்கே கூட்டி வராதேம்மா. நானே வரேன்" என்றார்.

வந்தார். ஆனால் எம்.ஏ.வுக்கும் அடி சறுக்கும். முதல் மூன்று தரம் பழனியின் எதிரே உட்கார்ந்து, அங்கே என்ன நடந்தது, எதைப் பார்த்தாய் என்று பாஸ்ராவைப் பற்றியே கேட்டார். மூன்று தரமும் பழனி பேச்சு நடுவில் எழுந்து வெளியே போய்விட்டான். மூன்றாவது நாள் ஐயர் வடிவிடம் வந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. புண்ணைக் காட்டு காட்டுன்னா எவன் காட்டுவான்? நீ எனக்குத் தறியைக் காட்டு."

தறியைப் பற்றி அவ்வளவு பெரிய படிப்பாளி கேட்ட கேள்விகளைக் கேட்டு வடிவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிதியில் எதற்குக் கால் வைக்க வேண்டும், நாடா ஏன் இந்தப் பக்கமே நிற்காமல் அந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"சாதாச் சேலை நெய்யறப்போ அவர் பக்கத்துல யாரு உட்காருவா?"

"யாரும் மாட்டாங்க. கரையில்லாத சேலைக்குத் தொணை எதுக்குங்க?"

ஐயர் சற்று நேரம் அந்த வலப்பக்கத்து இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவருக்குத் தறி மேல பயமில்லைம்மா. பட்டு மேலயும் பயமில்லை" என்றார். எட்டு வருஷமாகத் தெரு முழுக்கப் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, அந்தக் காலி இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வந்தவர் பழனியை எதுவும் கேட்கவில்லை. அவன் எதிரே உட்காராமல் பக்கவாட்டில், கொஞ்சம் எட்டி உட்கார்ந்தார். தன் கதையைச் சொன்னார்.

"காயம்பட்டவனைத் தூக்கற டோலிக்கு முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன் வேணும்பா. எனக்கு முன்னாடி பிடிச்சவன் ஒரு நாள் அப்படியே உக்காந்தான். எழுந்திருக்கலை. மறுநாள் காலையிலே வேலூர்க்காரன் தாவூதுன்னு ஒருத்தன் வந்து அந்த முனையைப் பிடிச்சான். நான் தூக்க மாட்டேன்னுட்டேன். என்கூடப் பிடிச்சா நீ செத்துடுவேன்னு கத்தினேன். அவன் என்னா சொன்னான் தெரியுமா? 'நான் செத்தா அது என் கவலை ஐயரே, அங்க ஒருத்தன் ரத்தமா கெடக்கறான், நீ தூக்கு'ன்னான். தூக்கினேன். தாவூது இன்னிக்கும் வேலூர்ல தோல் மண்டியிலே வேலை பாத்துக்கினு இருக்கான்."

அடுப்படியில் நின்ற வடிவுக்குக் கணவனின் குரல் முதலில் அடையாளமே தெரியவில்லை. அத்தனை மெதுவாக வந்தது.

"தாமல் ஊர்க்காரன் எல்லப்பன்" என்றான் பழனி. "எங்கூடப் பட்டாளத்துல சேந்தவன். அவன் பாட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தான் ஐயரே. வெயிலா இருக்குதேன்னு நான்தான் கூப்ட்டு எம்பக்கத்துல உக்கார வெச்சேன். உக்காந்து பீடிகூடப் பத்த வெக்கல. குண்டு வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே ஆவல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "எவன் பக்கத்துல வந்து உக்காந்தாலும் எனக்கு அதான் ஞாபகம். போடா, எட்டப் போடான்னு தள்ளிடறேன். அவனுங்களை அடிக்கணும்னு இல்ல" என்றான்.

கையை ஒடித்தவன் என்று ஊர் சொன்ன மனுஷன், எட்டு வருஷமாக ஒவ்வொருவனையும் காப்பாற்றத்தான் தூக்கி எறிந்திருக்கிறான். வடிவு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் துக்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

"வள்ளி கூறைக்கு நான் கோர்வை போட உக்கார்றேன்" என்றார் ஐயர்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆவறதெல்லாம் அங்கியே ஆயிடுச்சுப்பா. ஒரு காது போச்சு. மிச்சம் கெட்டியாத்தான் இருக்குது."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாதிரி வள்ளியம்மனின் கல்யாணப் புடவையைத் தொடுவதாவது என்று தெரு கொதித்தது. நாட்டாமைக்காரர் நமச்சிவாயம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. வடிவு தூணுக்குப் பின்னால் நின்றபடியே பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன், பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது. வள்ளி என்னா குலங்க? வேடுவச்சி. அவளைக் கட்டிக்க நம்ம சாமி வளையல்காரனா வந்தாரு, கெழவனா வந்தாரு. கட்டிக்கறவரே குலம் கோத்திரம் பாக்கல. சேலைக்குக் கோர்வை போடறவருக்கு மட்டும் எதுக்குப் பாக்கறீங்க? எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உக்கார இந்தத் தெருவுல வேற யாருக்காவது தைரியம் இருந்தா இப்பவே வாங்க, ஐயரை வேணாம்னு சொல்லிடறேன்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நமச்சிவாயம் மீசையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். குளித்துவிட்டு வரவேண்டும், சேலை இறங்கும் வரையில் கவுச்சி தொடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். ஐயர் தலையாட்டினார். அவருடைய மனைவி அன்னம்மாள் அன்றைக்கே கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட்டார்.

நல்ல நாள் பார்த்து அரக்குக் கரை, மாம்பழ மஞ்சள் உடல் என்று நீள இழைகளைப் பாவாகத் தறியில் பூட்டினார்கள். ஆறடி உயரத்து மனிதர் முழங்காலை மடக்கி அந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்ததைப் பார்க்கத் தெருவே ஜன்னலில் நின்றது. நாடாவை முதல் தரம் தள்ளினார், அது பாவுக்குக் கீழே விழுந்தது. இரண்டாம் தரம் இழை அறுந்தது.

"எம்.ஏ.ன்றாங்க, ஒரு நாடாவைத் தள்ளத் தெரியலியே ஐயரே!" என்று சலித்துக்கொண்டான் பழனி. எட்டு வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி ஒருவரைக் கடிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஐயரும் சிரித்தார்.

ஐந்தாவது இழையில் வேர்வை வந்தது. பழனியின் கை ஐயரின் தோளைப் பிடித்தது. ஐயர் திரும்பவில்லை, விலகவுமில்லை.

"இருக்கேன்பா. தள்ளட்டுமா?"

தோளைப் பிடித்த விரல்கள் சட்டையை இறுக்கின. ஐயர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு படி அரிசி களைகிற நேரம் இருக்கும். பிறகு பழனி கையை எடுத்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றான்.

அன்றைக்கு அப்படி ஒன்பது தடவை நடந்தது. மறுநாள் ஏழு. ஐயர் விடிந்ததும் குளித்துவிட்டு வருவார், இரண்டு மணிநேரம் கோர்வை போடுவார், பிறகு பிரசங்கம், ஆஸ்பத்திரி என்று தன் வேலைக்குப் போவார். சாயங்காலம் மறுபடி வருவார். முதுகு வலியில் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை வடிவு பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"உங்க சாமியைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன்றீங்களே ஐயரே?"

"சொல்லிக்கினேதானம்மா இருக்கேன்" என்று நாடாவைத் தள்ளினார்.

மாசி முடிந்தது. தோள் மேல் கை போவது நாளுக்கு ஒன்று, இரண்டு நாளுக்கு ஒன்று என்று குறைந்தது. புடவை வளர்ந்தது. இந்தப் பக்கம் அடங்கிய நெருப்பு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டது. விக்கிரகத்துக்குப் புடவை நெய்கிறார் நம்முடைய போதகர் என்று சபைப் பெரியவர்கள் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தவறு செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், காஞ்சிபுரத்திலேயே இருக்கலாம் என்று சபையில் சொன்னார்கள். ஐயர் எழுதவில்லை.

"குண்டடி பட்டவனைத் தூக்கறப்போ நீ எந்தச் சாமியைக் கும்பிடறேன்னு நான் கேட்டதில்லை. இப்போ கேட்டா, அங்கே நான் செஞ்சதும் பொய்யாயிடும்" என்று சபை நடுவே எழுந்து சொன்னாராம். அன்னம்மாள் இதை வடிவிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கையில் மாற்றல் உத்தரவு வந்தது. கடலூருக்குத் தெற்கே எங்கேயோ ஒரு ஊர். மறுநாள் காலை ரயிலிலேயே புறப்பட வேண்டும். புடவையில் இன்னும் மூன்று முழம் பாக்கி.

காலையில் ஐயர் வழக்கம்போலக் குளித்துவிட்டு வந்து அரை மணிநேரம் கோர்வை போட்டார். பிறகு நாடாவைப் பாவின் மேல் வைத்தார்.

"நான் கௌம்பறேன் பழனி. இங்கே உட்கார நான் ஆள் பாக்கலை. நீயே பாத்துக்கோ."

பழனி நெய்த இடத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தான். ஐயர் அவன் முதுகை ஒரு தரம் தட்டிவிட்டு வெளியே வந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கூலியாள் இல்லை, ஜரிகைக் கடை கலியாணசுந்தரம். "தம்பியை எட்டு வருஷம் நான் சொமந்தேன், ரெண்டு மாசம் நீங்க சொமந்தீங்க. இதை நான் தூக்கினா கொறைஞ்சா போயிடுவேன்?" என்று முன்னால் நடந்தார். நாட்டாமைக்காரர் முதல் சாயக்காரர் வரை தெருவில் பாதி அவர்கள் பின்னால் ரயிலடி வரைக்கும் போயிற்று. அத்தனை பேரும் தாங்களே அவரை வளர்த்து ஆளாக்கியது மாதிரி நிமிர்ந்து நடந்தார்கள்.

வடிவுக்கும் போக ஆசைதான். போகவில்லை. உள்ளே தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பழனி அந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாதாச் சேலையாக மாற்றி முடித்துவிடவும் வழியில்லை. மூன்று நாளில் புடவை இறங்காவிட்டால் கைநாட்டுதான், மனு இன்னும் அண்ணன் பெட்டியில்தான் இருக்கிறது. ரயிலடிக்குப் போனவர்கள் திரும்பினால் யாரையாவது கெஞ்சிக் கூட்டி வரலாமா என்று அவள் மனசு ஓடியது. யார் வருவார்கள்? வந்தாலும் இவன் உட்கார விடுவானா?

"வடிவு."

அவள் நிலைப்படியில் நின்றாள்.

"வா. வந்து உக்காரு."

"நானா? எனக்கு ராட்டை சுத்தத்தாங்க தெரியும். நாடா தள்ளத் தெரியாதே."

"ஐயருக்கு மட்டும் தெரிஞ்சுதா? வா."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு போய் அவன் வலப்பக்கத்தில், தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தாள். நாடாவை எடுத்தாள். அவன் கை அவள் தோளைப் பிடித்தது. விரல்கள் சில்லென்று இருந்தன. தூக்கி எறிந்தால் எறியட்டும் என்று அவள் அசையாமல் இருந்தாள்.

"பயமா இருக்குதாங்க?"

"இருக்குது" என்றான் பழனி. "நீ தள்ளு."